பாட்டு விட்டு விட்டு வருகிறதா? எங்கே நிற்கிறது என்று முதலில் கவனியுங்கள்

கம்ப்யூட்டரில் பாட்டு திக்கித் திக்கி வந்தால், "மெஷின் பழசாகிவிட்டது, ராம் கூட்ட வேண்டும்" என்றுதான் பலரும் உடனே முடிவு கட்டுகிறார்கள். அதற்குள் காசை எடுக்காதீர்கள். 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) எம்பி3 பாட்டுக்கு நொடிக்கு 40 கிலோபைட் போதும். எவ்வளவு பழைய ஹார்ட் டிஸ்க்கும் அதை அலட்டிக்கொள்ளாமல் கொடுத்துவிடும். சிக்கல் நேரத்துக்குக் கொடுப்பதில்தான் இருக்கிறது. சிடி தரத்தில் ஒரு நொடி ஒலிக்கு 44,100 மாதிரிகள், அதாவது அந்தந்தக் கணத்தில் ஒலியை அளந்த எண்கள். விண்டோஸ் அவற்றை வழக்கமாக 10 மில்லிநொடிக்கு ஒரு துண்டாகச் சவுண்ட் கார்டுக்கு அனுப்புகிறது. துண்டு ஒன்று தாமதமானாலே காதில் 'டிக்' என்று விழும்.

அதனால் யாராவது என்னைக் கூப்பிட்டால் செட்டிங்ஸ் பக்கமே நான் போகமாட்டேன். உட்கார்ந்து கேட்பேன். தாளம் நிறைந்த பாட்டில் சின்ன வெட்டு மறைந்துவிடும். குழலோ குரலோ சீராக நீளும் பாட்டாகப் பார்த்து வைத்தால் ஒவ்வொரு வெட்டும் தெளிவாகக் கேட்கும்.

பாட்டு 2:14இல் தடுக்கியது என்று வையுங்கள். பின்னால் நகர்த்தி அதே இடத்தை மறுபடி கேளுங்கள். அங்கேயே தடுக்கினால் ஃபைலில் கோளாறு, அல்லது அந்த ஃபைல் இருக்கும் டிஸ்கில் கோளாறு. இரண்டையும் பிரிப்பது சுலபம்: ஃபைலைப் போனுக்குக் காப்பி செய்யுங்கள். காப்பி ஒழுங்காக முடிந்து, போனிலும் 2:14இல் தடுக்கினால் ஃபைல் கெட்டிருக்கிறது, வேறு பிரதி தேடுங்கள். காப்பியே நடுவில் திணறி நின்றால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. அப்போது பாட்டை மறந்துவிட்டு, முக்கியமான ஃபைல்களையெல்லாம் வேறு டிஸ்குக்கு முதலில் மாற்றுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்து டிஸ்கின் உடல்நிலையைப் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது மட்டும் சில நொடி நின்று, பிறகு ஒழுங்காகப் பாடினால் பயப்பட ஒன்றுமில்லை. வெளி ஹார்ட் டிஸ்க் தூங்கிப்போய், எழுந்து சுற்ற நேரம் எடுக்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் டிஸ்க் அணையும் நேரத்தையும், சும்மா இருக்கும் யுஎஸ்பி சாதனங்களைத் தூங்கவைக்கும் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் மாற்றிப் பாருங்கள். சில வெளி டிஸ்குகள் இதற்கும் கேட்காமல் தாமாகவே தூங்கும்; அடிக்கடி கேட்கும் பாட்டுகளை உள் டிஸ்குக்கு மாற்றிவிடுவதே நிம்மதி.

புளூடூத் ஹெட்போன் என்றால், வேறு எதையும் தொடும் முன் வயர் ஹெட்போனைச் செருகி அதே பாட்டைக் கேளுங்கள். வயரில் சுத்தமாக வந்தால் கம்ப்யூட்டர் மேல் குற்றமில்லை, காற்றில்தான் சண்டை. புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். வைஃபையும் அதே அலைவரிசையில் இருக்கலாம்; அதை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. யுஎஸ்பி 3.0 சாதனங்கள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்பும். ஒரு நண்பரின் மேஜையில் புளூடூத் டாங்கிளும் (யுஎஸ்பியில் செருகும் சின்ன புளூடூத் கருவி) வெளி டிஸ்கும் பக்கத்துப் பக்கத்துப் போர்ட்டில் இருந்தன. டிஸ்கில் காப்பி ஓடும்போதெல்லாம் பாட்டு துண்டுதுண்டாக வந்தது. டாங்கிளை ஒரு நீட்டிப்பு வயரில் மாட்டி மேஜையின் மறு ஓரத்தில் வைத்ததும் நின்றுவிட்டது.

எந்த ஃபைலானாலும், வயரில் கேட்டாலும், இடம் மாறி மாறி டிக் டிக்கென்று விழுந்தால்தான் உண்மையான வேட்டை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். டிஸ்கோ சிபியுவோ 100 சதவீதத்தில் நின்றால், எந்தப் புரோகிராம் தின்கிறது என்று அங்கேயே தெரியும். வைரஸ் ஸ்கேன், அப்டேட், கிளவுட் சிங்க் ஆகியவைதான் வழக்கமான ஆட்கள். முடியும்வரை பொறுத்திருந்து மறுபடி கேளுங்கள்.

எல்லாம் 5 சதவீதத்தில் அமைதியாக இருந்தும் டிக் விழுகிறதா? அப்படியென்றால் ஏதோ ஒரு டிரைவர் (வைஃபை, கிராஃபிக்ஸ் போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்) பிராசஸரைப் பிடித்துவைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. டாஸ்க் மேனேஜரில் இது கண்ணில் படாது. லேட்டன்சிமான் என்ற கருவியைப் போட்டு, பாட்டு ஓடும்போதே சில நிமிடம் ஓடவிடுங்கள். 'டிரைவர்ஸ்' பகுதியில் அதிக நேரம் எடுத்தவை மேலே வருமாறு வரிசைப்படுத்துங்கள். என்டிஐஎஸ் என்று தொடங்கும் பெயர் மேலே நின்றால் நெட்வொர்க் பக்கம் சந்தேகம். வைஃபையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். டிக் நின்றால் வைஃபை டிரைவரை மாற்றுங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மேலே வந்தால் அந்த டிரைவரை மாற்றுங்கள். லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே டிரைவரை எடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது என்றால், டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக்' கொடுத்துப் பழையதற்கே திரும்புங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தில் வரும் புரோகிராம்களை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

அரை மணி நேரம் நன்றாக ஓடி அப்புறம் திக்கினால் சூடு. ஃபேன் தூசியைத் தட்டுங்கள், லேப்டாப்பை மெத்தையில் வைக்காதீர்கள். சார்ஜரைப் பிடுங்கினால் மட்டும் திக்கினால், பேட்டரியை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைக்கும் பவர் சேவரை அணைத்துவிடுங்கள்.

நெட்டில் கேட்கும் பாட்டு மட்டும் நின்றால் அதையே டவுன்லோட் செய்து கேளுங்கள். சரியாக வந்தால் இணைப்பில்தான் கோளாறு. விஎல்சியில் நெட் ரேடியோ கேட்பவர்கள் பிரெஃபரன்ஸஸில் 'ஆல்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'இன்புட், கோடெக்ஸ்' பகுதியில் நெட்வொர்க் கேச்சிங்கை, அதாவது பாட்டை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் நேரத்தை, 3000 மில்லிநொடியாக்கலாம். பாட்டு தொடங்க மூன்று நொடி தாமதமாகும், ஆனால் நடுவில் அறுபடுவது குறையும்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் அதே பாட்டையே கேளுங்கள். நாலைந்தைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாமல் போகும், அடுத்த அப்டேட்டில் டிக் திரும்பி வந்தால் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.