கிறிஸ்தவ உளவள ஆலோசகராக விரும்புவோர் எங்கே தொடங்க வேண்டும்?

சபையில் பிறர் துயரத்தைப் பொறுமையாகக் கேட்பவர் என்று பெயரெடுத்த பலர், அதையே வாழ்நாள் பணியாக்கிக்கொள்ள வழி கேட்கிறார்கள். அழைப்பைக் குறித்து நீங்கள் ஏற்கெனவே ஜெபித்துத் தெளிந்திருப்பீர்கள் என்று கொண்டு, நான் கடந்துவந்த வழியைப் படிப்பிலிருந்து விளக்குகிறேன்.

படி 1: பணியிடத்தை முடிவு செய்த பின்பு படிப்பைத் தேர்ந்தெடுங்கள்

இந்தியாவில் கிறிஸ்தவ ஆலோசகருக்கென்று அரசு தரும் தனி உரிமம் இல்லை. சபையிலோ இறையியல் கல்லூரியிலோ பணியாற்ற விரும்பினால், இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட்டுடன் இணைந்த கல்லூரியில் பி.டி. (இறையியல் இளங்கலை) முடித்து, பின்னர் எம்.டிஎச். (இறையியல் முதுகலை) படிப்பில் மேய்ப்புப் பணி ஆலோசனையைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியும் இந்த வழியில் நம்மவர்கள் பெரும்பாலும் நாடும் இடங்கள். பள்ளி, மருத்துவமனை, தொண்டு நிறுவனம் ஆகியவற்றில் வேலை வேண்டுமானால் உளவியலிலோ உளவள ஆலோசனையிலோ முதுகலைப் பட்டம் வேண்டும். எந்தப் பட்டம் பெற்றாலும், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெறாமல் ‘மருத்துவ உளவியலாளர்’ என்று பெயர்ப்பலகை வைக்கக் கூடாது.

உளவியலை முதலில் படியுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. இறையியலைப் பின்னர் பகுதிநேரமாகவும் கற்கலாம். செராம்பூர் செனட், போதகரல்லாத இறைமக்களுக்கென்றே பி.சி.எஸ். (கிறிஸ்தவ இயல் இளங்கலை) என்னும் படிப்பை நடத்துகிறது. உளவியலுக்கு அப்படியொரு வசதி இப்போது இல்லை.

(பிற்சேர்க்கை: தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. உளவியல் சேரலாமா என்று வாசகர்கள் சிலர் கேட்டார்கள். 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைதூர, இணையவழி முறைகளில் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.)

படி 2: மேற்பார்வையில் பழகுங்கள்

அனுபவமுள்ள ஒருவர் உங்கள் அமர்வுகளைக் கேட்டுத் திருத்த வேண்டும். எத்தனை நூல்கள் படித்தாலும் இதற்கு ஈடாகாது.

படி 3: ரகசியத்தைக் காக்கும் முறையை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள்

எனக்கு மிகவும் கடினமாயிருந்த படி இதுதான். பாடநூல்கள் நம் சபைச் சூழலை எண்ணி எழுதப்படவில்லை. உங்களிடம் பேச வந்த பெண்ணின் மாமியார் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் உங்கள் பக்கத்தில் உட்காருவார், போதகர் நல்லெண்ணத்தோடு, “அந்தக் குடும்பம் எப்படியிருக்கிறது?” என்று விசாரிப்பார். இவற்றைவிட ஆபத்தானது ஜெபக்குறிப்பு. “அந்தச் சகோதரியின் குடும்ப சமாதானத்துக்காக ஜெபியுங்கள்” என்று பெயர் சொல்லாமல் ஒரு வரி கொடுத்தாலும், உபவாசக் கூட்டம் முடிவதற்குள் அது யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே ஆலோசனை அறையில் கேட்ட எதையும் ஜெபக்குறிப்பாகக் கொடுக்காதீர்கள். உங்கள் தனி ஜெபத்தில் மட்டும் வைத்திருங்கள். கூடுமானால் சொந்தச் சபையாருக்கு ஆலோசகராக இராமல், பக்கத்து ஊர்ச் சபையினரைப் பாருங்கள். குறிப்புகளைப் பூட்டி வைத்த நோட்டில் எழுதுவதையே நான் விரும்புகிறேன். வாட்ஸ்அப்பில் ஒருவரின் பிரச்சினையைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை.

ஆனால் ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதை முதல் அமர்விலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருக்கிறது என்று தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். சபையின் நற்பெயருக்காகப் பெரியவர்கள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யார் வற்புறுத்தினாலும் இணங்காதீர்கள்.

படி 4: எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்துகொள்ளுங்கள்

சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று கோரிய எலியாவைத் தேவதூதன் முதலில் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து உறங்கவிட்டான். மனச்சோர்வை விசுவாசக் குறைவு என்று சொல்லுமுன் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். மனச்சோர்வின் அளவை அறிய, பி.எச்.க்யூ-9 என்னும் ஒன்பது கேள்விப் படிவத்தையே நான் பரிந்துரைக்கிறேன். அது இலவசமாகத் தமிழிலும் கிடைக்கிறது. நோயைத் தீர்மானிப்பது மருத்துவர் பொறுப்பு என்றாலும், யாரைத் தாமதமின்றி அனுப்ப வேண்டும் என்பதை அது காட்டும். தற்கொலை எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாம் கேள்விக்கு ‘இல்லை’ தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், அவரைத் தனியே விடாமல் மனநல மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மனஸ் உதவி எண் 14416 எப்போதும் உங்கள் கைவசம் இருக்கட்டும். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நமக்கு ஒருபோதும் இல்லை.

வருமானம் பற்றி

ஆலோசகருக்கென்று தனிச் சம்பளம் ஒதுக்கும் சபைகள் மிகக் குறைவு. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஆலோசகர் இருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், பள்ளி வேலையோடு வார இறுதியில் சபைப் பணியையும் சேர்த்துக்கொள்வதே தொடக்கக் காலத்துக்கு ஏற்றது. பள்ளி அமர்வில் ஜெபிக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: அங்கே வரும் பிள்ளைகள் எல்லா மதத்தையும் சேர்ந்தவர்கள், ஆகவே நீங்களாக ஜெபத்தைத் தொடங்காதீர்கள். சபையில் பார்க்கும்போதுகூட, ஜெபிக்கலாமா என்று அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பின்பே ஜெபியுங்கள்.