சிப்பாயின் குரலைத் தேடிப் படிக்க

உள்நாட்டுப் போர் பற்றிப் படிக்கும்போது தளபதிகளின் நினைவுக் குறிப்புகளை நான் கடைசிக்குத்தான் வைப்பேன். முதலில் தேடுவது சாதாரணச் சிப்பாய்கள் எழுதியதைத்தான். அப்படியொரு புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நடுவில் எங்காவது பிரித்துப் பாருங்கள். பேன், ஈரக் காலுறை, பசி இதெல்லாம் கண்ணில் பட்டால் தயங்காமல் வாங்கலாம். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், 1938-இல் வந்த 'ஹோமேஜ் டு கேட்டலோனியா'வில் பதுங்குகுழிக்கு முக்கியமானவற்றை வரிசைப்படுத்துகிறார்: விறகு, சாப்பாடு, புகையிலை, மெழுகுவத்தி, கடைசியில்தான் எதிரி. அந்த வரிசையைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

எப்போது எழுதியது என்றும் பாருங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. அதில் தென் மாநிலங்களின் அணியில் சண்டையிட்ட டென்னசி சிப்பாய் சாம் வாட்கின்ஸின் நூல் வந்தது 1882-இல். இடையில் நினைவு நிறையவே மாறியிருக்கும். அதனால் கூடவே போர்க்களத்திலிருந்து எழுதிய கடிதத் தொகுப்பு ஒன்றையும், எதிரணிச் சிப்பாய் எழுதியது ஒன்றையும் சேர்த்துப் படியுங்கள். நல்ல வரலாற்று நூல்களின் பின்பக்க நூற்பட்டியலில் இவை கிடைக்கும்.