வாசலைத் தாண்டாதவள்: கேம் பாத்திரங்களுக்கு முன்கதை எழுதுவது எப்படி

அனிமேஷனுக்குக் கதை எழுதுகிறவர்களைத் தேடி இப்போது அடிக்கடி வருகிற வேலை இது. ஒரு வீடியோ கேம், அதில் ஏற்கெனவே பேரும் முகமும் ஆயுதமும் உள்ள ஓர் ஆள், அந்த ஆளுக்கு ஒரு முன்கதை. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பாத்திரத்தை ஆயிரக்கணக்கான பேர் ராத்திரி ராத்திரியாகக் கையில் வைத்து ஆட்டியிருக்கிறார்கள். அவள் எப்படிக் குதிப்பாள், அடிபட்டால் எப்படி முனகுவாள் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அவர்களிடம் போய், நேற்று வந்த நாம் அவள் யார் என்று சொல்லப் போகிறோம்.

நான் கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்துகொண்டு கொச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் எழுதி அனுப்புகிறவள். இந்த வேலைக்கு எனக்குக் கிடைத்த நல்ல பாடம் கணினியில் இல்லை, எங்கள் பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தில் இருக்கிறது. பகவதி கோயில் கூத்துமாடத்தில், வெள்ளைத் திரைக்குப் பின்னால் தேங்காய்மூடி விளக்குகளை வரிசையாக ஏற்றி வைத்து நடத்துவார்கள். பாடுவது கம்பன் பாட்டு. அதில் பெரும்பாலும் கை வைக்க மாட்டார்கள். பாட்டுக்குப் பொருள் சொல்கிற இடம் மட்டும் பாவையாட்டிப் பாடுகிற புலவருடையது. தமிழும் மலையாளமும் கலந்து அவர் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம்.

அப்படிப் போகிற இடத்தில்தான் சம்புகுமாரன் வருகிறான். கம்பனில் அவன் இல்லை. சூர்ப்பணகையின் மகன், காட்டில் தவம் இருக்கும்போது இலக்குவன் கையால் தெரியாமல் வெட்டுப்பட்டுச் சாகிறான். பிள்ளையைப் பறிகொடுத்தவள் பழிதீர்க்கக் கிளம்பி வருகிறாள், வந்த இடத்தில் இராமனைப் பார்க்கிறாள். அதற்கப்புறம் எல்லாம் கம்பன் சொன்னபடிதான். மூக்கு அறுபடுகிறது, அண்ணனிடம் போய் நிற்கிறாள், இலங்கை எரிகிறது. கதையின் போக்கு மாறவில்லை. ஆனால் அவள் அழும்போது திரைக்கு முன்னால் இருக்கிறவருக்கு வேறொரு அழுகையும் சேர்ந்து கேட்கும்.

இதில் புலவர்கள் செய்யாமல் விட்டதைக் கவனியுங்கள். அவளுக்கு நகம் ஏன் நீளம், குரல் ஏன் அப்படி, ஏன் அரக்கியானாள் என்றெல்லாம் விளக்கவில்லை. ஓர் ஆளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள், அந்த ஆளைப் பறித்தார்கள். முன்கதை என்றால் எனக்கு அவ்வளவுதான். பாத்திரத்தின் ஒவ்வொரு அம்சத்துக்கும் காரணம் தேடினால் கிடைப்பது பயோடேட்டா.

‘ஆர்க்கேன்’ என்ற அனிமேஷன் தொடர் பெரிதாகச் செய்ததும் இதைத்தான். 2009-இல் வந்த ‘லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்’ கேமில் வை என்ற பெண் 2012-இலும் ஜின்க்ஸ் 2013-இலும் சேர்ந்தார்கள். ஒருத்தி இரும்புக் கையுறை மாட்டி அடிப்பாள், இன்னொருத்தி சிரித்துக்கொண்டே ராக்கெட் விடுவாள். 2021-இல் தொடர் வந்தபோது எழுத்தாளர்கள் பைத்தியக்காரச் சிரிப்புக்கு மருத்துவக் காரணம் தேடிப் போகவில்லை. வையின் தங்கை, பவுடர் என்று ஒரு சின்னப் பெண். அக்காவைக் காப்பாற்ற ஓடி வந்து, தானே செய்த குரங்கு பொம்மை வெடிகுண்டை வெடிக்க விடுகிறாள். அதில் சொந்த ஆட்களே சாகிறார்கள். ஆத்திரத்தில் அக்கா வீசிய ‘ஜின்க்ஸ்’ (ராசி கெட்டவள்) என்ற வசைச்சொல்தான், பின்னால் கேமில் அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிற பேர். அக்கா விட்டு நகர்ந்த அந்த நேரத்தில் அவளைத் தூக்கி அணைக்கிற சில்கோ கேமிலேயே இல்லாத ஆள். புதிய ஆளை எதிரியின் நாற்காலியோடு விட்டுவிடாமல் அப்பாவின் இடத்திலும் போட்டார்கள் பாருங்கள், அங்கேதான் எழுத்து இருக்கிறது.

சரி, உங்கள் மேஜைக்கு வருவோம். எது பாட்டு, எது பொருள் சொல்லும் இடம் என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். கேம் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பேர், ஆயுதம், தூரத்தில் கறுப்பாகத் தெரிகிற உருவ வெட்டு, குரல் வசனங்கள், கேமில் அவளுக்கு நேர்கிற முடிவு. இதெல்லாம் பாட்டு. “லோர்” என்று, கேம் உலகத்தின் பின்னணிக் கதையெல்லாம் எழுதிய நூறு பக்கக் கோப்பு ஒன்றையும் கூடவே அனுப்புவார்கள். அதைப் படியுங்கள், ஆனால் விளையாடிய பிறகு. முதலில் படித்துவிட்டால் கோப்பில் இருப்பது மட்டும்தான் கண்ணில் படும்.

விளையாடவே வராது என்றால் விளையாடுகிற பிள்ளை பக்கத்தில் உட்காருங்கள். எனக்கு என் அண்ணன் மகன் இருக்கிறான். ஒரு மொபைல் கேமுக்குத் தொடர் செய்தோம், பேரைச் சொல்ல ஒப்பந்தம் விடாது. அதில் ஒரு கோட்டை வாசல், அதைக் காக்கிற பெண், இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. மூன்றே வசனம் பேசுவாள். அவளோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தவன் சட்டென்று பின்வாங்கி நின்றான்.

“இங்க நின்னா அடிக்க மாட்டா அத்தை. வாசலைத் தாண்டி வரவே மாட்டா. சும்மா பாத்துட்டே நிப்பா.”

“ஏன்டா வர மாட்டா?”

“கேம் அப்படித்தான்.”

புரோகிராமரைக் கேட்டால் காரணம் சொல்லிவிடுவார். பெரிய எதிரிகளை ஓர் எல்லைக்குள் கட்டிப்போட்டுத்தான் வைப்பார்கள், இல்லாவிட்டால் ஆட்டக்காரர் அவர்களை இழுத்துக்கொண்டு கண்ட இடத்துக்கும் போய்விடுவார். ஆனால் விளையாடுகிறவர் பார்ப்பது நிரலை அல்ல. வாசலிலேயே நின்று முறைக்கிற ஒரு பெண்ணை. முன்கதைக்கு விதை இந்த மாதிரி இடத்தில் கிடைக்கும். எல்லோரும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், யாரும் ஏன் என்று கேட்டிருக்கக் கூடாது.

என்னிடம் வேலை பழக வந்த பையன் இவளுக்கு ஒரு முன்கதை எழுதினான். ஊர் எரிந்தது, அப்பா செத்தார், சபதம் எடுத்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தான். அதில் அவள் பேரை அடித்துவிட்டு அதே கேமில் இருக்கிற கோடாலிக்காரன் பேரைப் போட்டுக் காட்டினேன், அவனுக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. வேறு பேருக்குப் பொருந்துகிற முன்கதை யாருடைய முன்கதையும் அல்ல. இந்தப் பேர் மாற்றும் சோதனையை எழுதிய அன்றே செய்துவிடுங்கள், நாளாக நாளாக எழுதியதை அடிக்க மனசு வராது.

பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து எழுதினோம். எங்களுக்கு வாசல் என்றால் கேரள-தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற வேலந்தாவளம் செக்போஸ்ட்தான். ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்னால் காய்கறி லாரிகள் ராத்திரி முழுக்க வரிசையில் நிற்கும், டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே படுத்துத் தூங்குவார்கள், இறக்கிய கம்பிக்குக் கீழே டீ கிளாஸ் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போகும். கேமின் படத்தில் அவள் காலடியில் ஒரு மண்சட்டி கிடந்தது. ஆர்ட்டிஸ்ட் இடத்தை நிரப்பப் போட்டது. அந்தச் சட்டியை எடுத்துக்கொண்டோம்.

காட்சி இவ்வளவுதான். ராத்திரி. வாசலுக்கு வெளியே அவள் தம்பி, கதவுக்கு அடியில் இருக்கிற இடுக்கில் கஞ்சிச் சட்டியைத் தள்ளுகிறான். அவள் குடித்துவிட்டுத் திருப்பித் தள்ளுகிறாள், பாதி வழியில் மணி அடிக்கிறது. மணி அடித்தால் இரும்புக் கதவை இறக்க வேண்டும். தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். அவள் இறக்கிவிடுகிறாள். சட்டி உள்ளே நின்றுவிட்டது. வெளியே என்ன நடந்தது என்று காட்டவில்லை, சத்தம் மட்டும். அவள் அழுவதும் இல்லை. தொடரில் தொண்ணூறு செகண்டுக்கு மேல் இது ஓடாது. என் அண்ணன் மகன் ஸ்டோரிபோர்டை, அதாவது காட்சியை வரிசையாக வரைந்த படங்களைப் பார்த்துவிட்டு, “அந்தச் சட்டி கேம்ல இருக்கு அத்தை!” என்று கத்தினான். அந்தக் கத்தலுக்காகத்தான் மெனக்கெடுவது.

கேம் உங்களுக்கு ஒரு துண்டுக் காட்சி கொடுத்திருந்தால் அதிர்ஷ்டம், விடாதீர்கள். டிராகுலாவின் மனைவி லிசா கொல்லப்படுவது 1997-இல் வந்த ‘காஸில்வேனியா: சிம்பொனி ஆஃப் தி நைட்’ கேமில் மகன் காண்கிற கெட்ட கனவாக வந்துவிட்டுப் போகும். 2017-இல் அனிமேஷன் தொடர் எழுதியவர்கள் அதிலிருந்து பின்னோக்கி நடந்து, அவள் முதல் முதலாக டிராகுலாவின் கோட்டைக் கதவைத் தட்டுகிற இடத்துக்குப் போனார்கள். மருத்துவம் கற்றுக்கொடு என்று கேட்டு வருகிறாள். பயப்படாமல் பேசுகிறாள். கடைசியில் அவளை எரிக்கும்போது அவன் கோபம் நமக்கு நியாயமாகவே படுகிறது. சாவைக் காட்டுவது யாருக்கும் வரும். அதற்கு முன்னால் அந்த ஆளை நமக்குப் பிடிக்க வைப்பதுதான் சம்பளம் வாங்குகிற வேலை.

உடைக்கும் தொப்பிக்கும் காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்று தயாரிப்பாளர் பிடிவாதம் பிடித்தால், சுருக்கமாகச் சொல்லுங்கள். 1985-இலிருந்து கேமில் நாம் துரத்திக்கொண்டிருந்த திருடி கார்மென் சான்டியகோவுக்கு 2019 தொடரில் முன்கதை கொடுத்தார்கள். அந்தச் சிவப்புக் கோட்டும் தொப்பியும் இன்னொருத்தியுடையது, தப்பிக்கிற அவசரத்தில் சுருட்டியது. முடிந்தது. மரியோவுக்கு 2023 படத்தில் இன்னும் கம்மி: புரூக்ளினில் குழாய் ரிப்பேர் தொழில், மகன்மேல் நம்பிக்கையில்லாத ஓர் அப்பா. குதிக்கிற ஆளுக்கு அது போதும், நம் ஊரில் அந்த அப்பா இல்லாத வீடு ஏது?

முன்கதை எழுதவே கூடாத ஆளும் உண்டு. ஆட்டக்காரரே முகம், முடி, ஆணா பெண்ணா எல்லாம் தேர்ந்தெடுத்து உருவாக்குகிற நாயகன் அவரவருக்குச் சொந்தம். ‘சைபர்பங்க் 2077’-ஐ வைத்து 2022-இல் ‘எட்ஜ்ரன்னர்ஸ்’ செய்தவர்கள் கேமின் நாயகன் வி பக்கமே போகாமல், அதே ஊரில் டேவிட் என்று புதிதாக ஒரு பையனை எழுதினார்கள். அந்த மாதிரி கேம் வந்தால் நீங்களும் பக்கத்து வீட்டுக்குப் போங்கள்.

இனி காசு. இதை எந்தப் பாடத்திலும் சொல்லித் தர மாட்டார்கள். “அவள் சிறுமியாக இருந்தபோது” என்று நீங்கள் ஒரு வரி எழுதினால், ஸ்டுடியோவில் அது ஒரு புது ஆள். பெரியவளின் மாடலைச் சுருக்கிச் சிறுமியாக்க முடியாது. தலைக்கும் உடம்புக்கும் உள்ள விகிதம் வேறு, ரிக் (உடம்பை அசைக்க உள்ளே பூட்டுகிற எலும்புக்கூடு) வேறு, துணி வேறு, பெரும்பாலும் குரலும் வேறு. எட்டு வயசில் ஒன்று, பதினைந்தில் ஒன்று, இருபதில் ஒன்று என்று எழுதிவிட்டு புரொடக்‌ஷன் மேனேஜர் ஏன் போனை எடுப்பதில்லை என்று யோசிக்காதீர்கள். ஒரே வயசைப் பிடியுங்கள், அதில் ஆழமாகப் போங்கள். எரிகிற ஊர், ஓடுகிற கூட்டம் இதெல்லாம் இன்னும் செலவு. ஒரு கதவு, இரண்டு பேர், ஒரு சட்டி என்றால் யாரும் வெட்டச் சொல்ல மாட்டார்கள்.

வசனத்தில் ஒரே ஒரு தடை. பாத்திரம் தன் கடந்தகாலத்தைத் தானே விளக்கக் கூடாது. “அன்னைக்கு நான் கதவை இறக்கினேன், அதனாலதான்…” என்று தொடங்குகிற வரி எங்கே கண்ணில் பட்டாலும் அடியுங்கள். அவள் மூன்று வசனக்காரி. தொடரிலும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கட்டும். பேசுவதற்குத்தான் பக்கத்தில் ஓர் ஆளைக் கொண்டுவந்திருக்கிறோம்.

கம்பெனிக்கு அனுப்பும்போது கதையை மட்டும் அனுப்பாதீர்கள். தாளை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இடது பக்கம் கேமில் இருப்பது, எந்தக் கட்டத்தில், எந்த வசனத்தில் என்ற குறிப்போடு. வலது பக்கம் அதற்கு நேராக நீங்கள் சேர்த்தது. ஒப்புதல் கொடுக்கிறவர் பெரும்பாலும் கதை ஆளாக இருக்க மாட்டார், கேமைக் கட்டிக் காக்கிற ஆளாக இருப்பார். இடது பக்கம் காலியாக இருந்து வலது பக்கம் மட்டும் நீண்டுகொண்டே போகிற இடத்தில் அவர் சிவப்பில் சுழிப்பார். சம்புகுமாரன் மாதிரி ஒருவனுக்காக அந்த இடத்தில் சண்டை போடலாம். மற்றதையெல்லாம் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்துவிடுங்கள்.