ரெட்டிச்சாவடியைத் தாண்டினால் வரி மாறும்: கம்பெனி வரிக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரி நோட்டீஸ் வந்ததும் முதலாளி முதலில் போன் போடுவது ஆடிட்டருக்குத்தான். அவர் பாவம், கணக்கு அவர் கைக்கு வருவதே எல்லாம் முடிந்த பிறகு. தப்பு நடந்தது பில் போட்ட மேசையில். விவரம் தெரிந்தவர்கள் நாலு பேர் இருக்கிற ஆபீசிலும் எதை யார் பார்ப்பது என்று பேசி வைக்காவிட்டால் இதே கதைதான்.

நம்ம ஊர்ப் பக்கத்துக்கே உரிய தப்பு ஒன்று இருக்கிறது: எல்லை. புதுச்சேரியின் கன்னியக்கோயிலிலிருந்து தமிழ்நாட்டின் ரெட்டிச்சாவடி கிட்டத்தில்தான், ஆனால் ஜிஎஸ்டி கணக்கில் மாநில எண் அந்தப் பக்கம் 34, இந்தப் பக்கம் 33. புதுச்சேரியின் திருபுவனையில் ஃபேக்டரி, கடலூர் முதுநகரில் குடோன், இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே பான் நம்பர். "நம்ம சரக்கு நம்ம குடோனுக்குத்தானே போகுது, இதுல என்ன வரி?" என்று டெலிவரி சலான் மட்டும் போட்டு வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அவை இரண்டு தனித்தனி ஆட்கள். அதனால் பில் போட்டு ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டும் சரக்குக்கான வரி) கட்டித்தான் அனுப்ப வேண்டும், குடோனுக்குத் தமிழ்நாட்டுப் பதிவும் வேண்டும். ஐஜிஎஸ்டி போட வேண்டிய இடத்தில் மாநிலத்துக்குள் போடுகிற சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் போட்டிருந்தால் சரியான வரியை இப்போது கட்டிவிட்டு முன்பு கட்டியதை ரீஃபண்ட் கேட்கலாம், வட்டி கிடையாது. ஆனால் அந்தப் பணம் திரும்பி வரும்வரை கையில் ரொக்கம் தட்டுப்படும்.

சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டான இ-வே பில்லும் இப்படித்தான். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு 80,000 ரூபாய் சரக்கு போனால் தேவையில்லை, ஏனென்றால் தமிழ்நாட்டுக்குள் வரம்பு 1 லட்சம். அதே சரக்கு புதுச்சேரிக்குப் போனால் மாநிலம் தாண்டுகிறது, 50,000-தான் வரம்பு.

இன்னொன்று, கடலூர் கம்பெனிகள் டீலர் மீட்டிங்கைப் புதுச்சேரி ரிசார்ட்டில் வைக்கும். தங்கும் ரூமுக்கு வரி ரிசார்ட் இருக்கிற மாநிலத்தில்தான் விழும், தமிழ்நாட்டுப் பதிவில் அந்தக் கிரெடிட்டை எடுக்க, அதாவது அதை நாம் கட்ட வேண்டிய வரியில் கழிக்க, முடியாது. போர்ட்டல் தருகிற 2பி பட்டியலிலேயே கிடைக்காது என்று காட்டும், ஆனாலும் பர்சேஸ் ரிஜிஸ்டரைப் பார்த்து மொத்தமாக எடுத்துவிடுவார்கள்!

அடுத்து டிடிஎஸ், பணம் கொடுக்கும்போதே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது. லேபர் கான்ட்ராக்டர் மாதாமாதம் 25,000-க்கு பில் கொடுக்கிறார், ஒரு பில்லும் 30,000-ஐத் தாண்டவில்லை, அதனால் பிடிக்கவில்லை என்பார்கள். வருஷத்து மொத்தம் 1 லட்சத்தைத் தாண்டிய உடனே முழுத் தொகைக்கும் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அந்தச் செலவில் 30 சதவீதத்தைச் செலவாகவே ஏற்க மாட்டார்கள். பிடித்துவிட்டு அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குப் பதிலாக 8-ஆம் தேதி கட்டினாலும் ஒரு நாள் தாமதம் என்று விடமாட்டார்கள், இரண்டு மாதமாக எண்ணி 3 சதவீதம் வட்டி.

இதையெல்லாம் பிடிக்க வேண்டிய இடம் டேலி கணக்கு மென்பொருளில் பார்ட்டி லெட்ஜர் (சரக்கோ வேலையோ தருகிறவர் பெயரில் கணக்கு) திறக்கிற நேரம். பான், ஜிஎஸ்டி நம்பர், எந்த வகை டிடிஎஸ், குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் சான்றிதழ் உண்டா, இவ்வளவும் வாங்காமல் லெட்ஜர் திறக்கக் கூடாது. லெட்ஜர் திறக்கிறவரும் பேமென்ட் போடுகிறவரும் ஒரே ஆளாக இருக்கவும் கூடாது. உத்யம் எதற்கு என்றால், பொருள் செய்து தருகிற குறு, சிறு நிறுவனங்களுக்கு 15 நாளில், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் போக வேண்டும். கெடு தாண்டி மார்ச் 31-இல் பாக்கி நின்றால் அந்த வருஷம் அது செலவில் வராது, கட்டுகிற வருஷத்தில்தான் வரும்.

பிஎஃப்பில் இன்னும் கறாராக இருந்தார்கள். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பங்கை 15-ஆம் தேதிக்குள் கட்டாவிட்டால் அந்தச் செலவு நிரந்தரமாகப் போச்சு என்று 2022-இல் சுப்ரீம் கோர்ட்டே சொன்னது. சர்வர் டவுன் என்று 16-ஆம் தேதி கட்டுகிறவர்கள் 12-ஆம் தேதியே முடித்துவிடலாம்.

கடைசியாக, போர்ட்டலில் இருக்கிற மொபைல் நம்பரும் மெயிலும் யாருடையது என்று இன்றைக்கே பாருங்கள். வேலையை விட்டுப் போன அக்கவுண்டன்டின் நம்பருக்கு ஓடிபி போய்க்கொண்டிருக்கும், நோட்டீஸும் அவருடைய மெயிலுக்கே போகும். நோட்டீஸைப் போர்ட்டலில் ஏற்றினாலே கொடுத்ததாகத்தான் துறை எடுத்துக்கொள்கிறது. கம்பெனிக்கென்று ஒரு சிம், ஒரு மெயில் வாங்கி அதை மாற்றுங்கள், டைரக்டரின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் மேசை டிராயரில் போட்டு வைக்காதீர்கள்.