புதுப்பித்த போன் வாங்கும்போது செய்யும் தவறுகள்: பணம் கொடுப்பதற்கு முந்தைய அரை மணி நேரம்

என் தங்கை கல்லூரியில் சேர்ந்த வருடம், அவளுக்காகப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் புதுப்பித்த ஆண்ட்ராய்டு போன் ஒன்றை வாங்கினேன். திரையில் ஒரு கீறல்கூட இல்லை. புதுப் பெட்டி, புதுச் சார்ஜர், பின்புற உறை எல்லாம் சரியாக இருந்தன. கடைக்காரர் போனை இயக்கிக் காட்டினார், கேமராவைத் திறந்து காட்டினார். நானும் பணத்தைக் கொடுத்துவிட்டு அல்சூருக்குப் பஸ் ஏறிவிட்டேன். வீட்டில், பழைய தகவல் எதுவும் மிச்சமிருக்க வேண்டாம் என்று ரெகவரி மெனு வழியாக ரீசெட் செய்தபோது, முன்பு இந்தப் போனில் இருந்த கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுத் திரை நின்றுவிட்டது. அந்தக் கணக்கு யாருடையது என்பது மறுநாள் போய்க் கேட்டபோது கடைக்காரருக்கும் தெரியவில்லை. பில் வாங்காமல் வந்திருந்ததால் வாதாட என் கையில் ஒன்றுமில்லை. மேலும் பணம் கட்டி வேறொரு போனை எடுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

அன்று நான் செய்த தவறுகள் பலருக்கும் பொதுவானவை என்பது, அதன் பிறகு உறவினர்களும் நண்பர்களும் போன் வாங்கப் போகும்போதெல்லாம் உடன் போய்வந்ததில் தெரிந்தது. அவற்றில் முதன்மையானது, வெளித்தோற்றத்தைப் பார்த்து விலை பேசுவது. ஒரு போனில் மிகக் குறைந்த செலவில் மாற்றக்கூடியது அதன் வெளிப்புறம்தான். பின்பக்கக் கண்ணாடியும் சுற்றுச் சட்டமும் எஸ்.பி. ரோட்டிலும் மெஜஸ்டிக் பக்கத்து நேஷனல் மார்க்கெட்டிலும் தனியாகவே கிடைக்கின்றன; அவற்றை மாற்றி, துடைத்து, பெட்டியில் போட்டுவிட்டால் நான்கு வருடப் போனும் நேற்று வந்ததுபோல இருக்கும். 'ரீஃபர்பிஷ்டு' என்ற சொல்லை ஒவ்வொரு விற்பனையாளரும் ஒவ்வொரு பொருளில் பயன்படுத்துகிறார். ஒருவர் பேட்டரியையும் திரையையும் சோதித்து, பழுதானதை மாற்றி, வாரண்டி தருகிறார். இன்னொருவர் துடைத்து வைத்ததையே அப்படிச் சொல்கிறார். 'சூப்பர்', 'குட்', 'ஃபேர்' என்ற தர வரிசைகளும் அந்தந்த விற்பனையாளர் தாமே வகுத்துக்கொண்டவை. ஆகவே என்னென்ன சோதித்தீர்கள், எந்தெந்தப் பாகத்தை மாற்றினீர்கள் என்று கேட்டு, அதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

பூட்டுகளைச் சோதிக்காமல் வாங்குவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நினைக்கிறேன். மற்றக் குறைகளோடு எப்படியாவது காலம் தள்ளலாம், பூட்டிய போனை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. ஐபோனில் 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 முதலும், ஆண்ட்ராய்டில் 2015-இல் வந்த 5.1 பதிப்பு முதலும், திருட்டைத் தடுப்பதற்காகவே இந்தப் பூட்டு இருக்கிறது. பழைய உரிமையாளர் தம் கணக்கை முறைப்படி நீக்காமல் விற்றிருந்தால், ரீசெட் செய்தாலும் அந்தக் கணக்கு போனை விடாது. சில கடைகளில் குறுக்குவழியில் பூட்டைத் தாண்டி, போனை முகப்புத் திரை வரை கொண்டுவந்து வைத்திருப்பார்கள். பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருக்கும். பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தி, ரெகவரி மெனு வழியாக ரீசெட் செய்யும்போதுதான் பூட்டு வெளியே வரும்.

எனவே பணம் கொடுக்கும் முன், கடையிலேயே, உங்கள் கண் முன்னால் போனை ரீசெட் செய்யச் சொல்லுங்கள். பிறகு உங்கள் சிம்மையோ ஹாட்ஸ்பாட்டையோ கொடுத்து இணையத்தில் இணைத்து, உங்கள் கணக்கில் நுழைந்து, முகப்புத் திரை வரும்வரை நீங்களே அமைத்துப் பாருங்கள். இணையம் இல்லாமல் இதைச் செய்வதில் பயனில்லை, ஏனெனில் போன் தன் நிறுவனத்தின் சர்வரைக் கேட்ட பிறகே சில பூட்டுகள் தெரியவரும். பெங்களூருவில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐடி நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் போன்கள் அந்த நிறுவனத்தின் நிர்வாகக் கட்டுப்பாட்டில் பதிவானவை. பதிவை நீக்காமல் அவை சந்தைக்கு வந்துவிட்டால், அமைக்கும்போது இந்தச் சாதனம் ஒரு நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்ற திரை வரும். அப்படி வந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தவணையில் வாங்கி, தவணை கட்டாமல் விற்கப்பட்ட போனும் இப்படித்தான்: கடன் கொடுத்தவர் எங்கிருந்தோ அதைப் பூட்டிவிட முடியும்.

"ரெண்டு நிமிஷ வேலைதான் அண்ணா, வீட்ல போய்ப் பண்ணிக்கோங்க" என்று கடைக்காரர் சொன்னால், அந்த இரண்டு நிமிடத்தை அங்கேயே செலவிடலாம் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்கு முகம் சுளிப்பதில்லை.

ஐஎம்இஐ எண்ணைப் பாராமல் விடுவது

டயல் திரையில் *#06# என்று அழுத்தினால் பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண், வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண்கள் வரும். பெட்டியிலும் செட்டிங்ஸிலும் பில்லிலும் இதே எண்தான் இருக்க வேண்டும். அடுத்து, கேஒய்எம் (KYM) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். 2023 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்திலும் இதையே பார்க்கலாம். எண் தடைசெய்யப்பட்டது என்றோ, வேறொரு போனிலும் இருக்கிறது என்றோ, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்றோ பதில் வந்தால் அந்தப் போன் வேண்டாம்.

பலரும் இதைச் சம்பிரதாயம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். தொலைந்த போனின் எண்ணை உரிமையாளர் தடை செய்துவிட்டால், நாட்டில் எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் அதில் நெட்வொர்க் கிடைக்காது. காவல்துறை கண்டுபிடித்தால் போன் உரியவரிடம் போய்விடும், நீங்கள் கொடுத்த பணம் திரும்பி வரும் என்பதற்கு உறுதியில்லை. ஐஎம்இஐ எண்ணை மாற்றுவதோ, 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். அப்படிப்பட்ட பொருளைத் தெரியாமல்கூடக் கையில் வைத்திருக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

திரை, ஒலி, கேமரா, பேட்டரி

இங்கே பொறுமை வேண்டும். முழு வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து, திரையின் வெளிச்சத்தை முழுவதும் ஏற்றிப் பாருங்கள்; ஓஎல்இடி திரையில் கீபோர்டின் வடிவமோ மேல் பட்டையின் நிழலோ மங்கலாகத் தெரிந்தால், அது எந்த ரீசெட்டிலும் போகாத கறை. பிறகு ஓர் ஐகானை அழுத்திப் பிடித்து, திரையின் நான்கு மூலைகளுக்கும் ஓரங்களுக்கும் மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். விரல் நகரும்போது ஐகான் எங்காவது நழுவி விழுந்தால், அந்த இடத்தில் தொடுதிரை வேலை செய்யவில்லை என்று பொருள். சாம்சங் போன்களில் *#0*# அழுத்தினால் வரும் சோதனைத் திரையில் இவற்றை வரிசையாகப் பார்க்கலாம். ஓர் அழைப்புச் செய்து, காதருகே கொண்டுபோனதும் திரை அணைகிறதா என்றும், ஸ்பீக்கரில் பேசும்போது மறுமுனைக்குத் தெளிவாகக் கேட்கிறதா என்றும் கவனியுங்கள். வீடியோ ஒன்றைப் பதிவுசெய்து கேட்டால்தான் மேலே இருக்கும் இரண்டாவது மைக்கின் நிலை தெரியும்.

அந்த வீடியோவைப் பார்க்கும்போது படம் நடுங்குகிறதா, கேமராவிலிருந்து மெல்லிய இரைச்சல் வருகிறதா என்றும் பாருங்கள். பைக்கின் கைப்பிடியில் போனை மாட்டி மாதக்கணக்கில் ஓட்டினால், எஞ்சின் அதிர்வில் கேமராவின் நடுக்கம் தவிர்க்கும் அமைப்பு கெடக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது. இந்த ஊரில் எத்தனை போன்கள் அப்படி நாள் முழுவதும் வண்டியில் ஓடுகின்றன என்பது சில்க் போர்டு சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றாலே தெரிந்துவிடும்.

பேட்டரியைப் பொறுத்தவரை, ஐபோனில் அதன் ஆரோக்கியம் சதவீதமாகவே செட்டிங்ஸில் இருக்கும். ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழு சார்ஜ் சுற்றுகளிலும், 15 வரிசை 1000 சுற்றுகளிலும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி அமைக்கப்பட்டவை. 80-க்குக் கீழே இருந்தால் புது பேட்டரியின் செலவை விலையிலிருந்து கழித்தே பேச வேண்டும். ஐஓஎஸ் 15.2 முதல், மாற்றப்பட்ட பாகம் அசலா என்பதும் 'அபவுட்' பக்கத்தில் தெரியும். வேறு நிறுவனத்தின் பாகம் என்பதாலேயே மறுக்க வேண்டியதில்லை; அசல் பாகத்தின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆண்ட்ராய்டில் அந்தச் சதவீதம் இல்லையென்றால், பத்து நிமிடம் வீடியோ பதிவுசெய்து சார்ஜ் எவ்வளவு இறங்குகிறது, பின்புறம் எவ்வளவு சூடாகிறது என்று பாருங்கள். உறையைக் கழற்றி, போனைக் கடையின் கண்ணாடி மேசையில் படுக்கவைத்து மூலையை லேசாக அழுத்தும்போது அது ஆடினாலோ, திரையின் ஓரம் சற்றே தூக்கியிருந்தாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அதற்குமேல் அந்தப் போனைத் தொட வேண்டாம்.

மாடலின் வயதையும் நாட்டையும் மறப்பது

அப்டேட் எத்தனை ஆண்டுக்கு மீதம் என்பதே ஒரு போனின் உண்மையான வயது. பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 ஆகியவற்றுக்கு வெளியான நாளிலிருந்து ஏழு ஆண்டுகள் அப்டேட் தருவதாக அந்த நிறுவனங்கள் அறிவித்துள்ளன. 2018, 2019-இல் பெரும் விலைக்கு விற்ற ஆண்ட்ராய்டு போன்களோ பெரும்பாலும் அப்டேட் நின்றுபோனவை. வங்கிச் செயலியும் யுபிஐயும் வைக்கப்போகும் போனுக்கு, பழைய உயர்ரகத்தைவிட அண்மைக்கால நடுத்தர ரகமே மேல் என்பது என் கருத்து. ரூட் செய்யப்பட்ட, அதாவது உள் பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்ட, போனில் பல வங்கிச் செயலிகள் திறக்கவே மறுக்கும்.

அமெரிக்காவிலிருந்து வந்த ஐபோன் 14-லும் அதற்குப் பின் வந்தவற்றிலும் சிம் போடும் இடமே இல்லை, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். அம்மாவுக்குக் கொடுக்க நினைத்து வாங்கினால், சிம்மை மாற்றும் ஒவ்வொரு முறையும் அவர் உங்களைத்தான் அழைக்க வேண்டியிருக்கும்.

பில் இல்லாமல் வருவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐஎம்இஐ எண், தேதி, வாரண்டி எத்தனை நாள், அது எதற்கெல்லாம் பொருந்தும் என்ற நான்கும் பில்லில் இருக்கட்டும். நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடவும், பின்னாளில் போன் தொலைந்தால் தடை செய்யவும் இதுவே ஆதாரம். தனி நபரிடம் வாங்கினால், அவர் வாங்கிய பழைய பில்லின் நகலைக் கேளுங்கள். பணத்தை ரொக்கமாகத் தராமல் யுபிஐ வழியாக அனுப்புங்கள்.

வாங்கிய பிறகு

திருப்பித் தரும் காலம் முடியும்வரை வங்கிச் செயலிகளைப் பழைய போனிலேயே வைத்திருப்பது நல்லது. முதல் வாரத்தில் புதியதை நன்றாக ஓட்டிப் பாருங்கள், குறை இருந்தால் அப்போதே தெரியட்டும். நீர் புகாது என்பதைக் குறிக்கும் ஐபி68 தரம் விளம்பரத்தில் இருந்ததை நம்பி மழையில் எடுக்காதீர்கள். ஒருமுறை திறந்து ஒட்டிய போனில் நீரைத் தடுக்கும் பசை பழையபடி இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. பெங்களூரு மாலை மழைக்கு ஒரு சிறிய பிளாஸ்டிக் உறை வண்டியில் இருக்கட்டும். சார்ஜர் மட்டும் நம்பகமான நிறுவனத்துடையதாக இருக்கட்டும். பெட்டியோடு வந்த பெயரில்லாத சார்ஜரால் பேட்டரி சூடேறி விரைவில் தளர்ந்துபோகக்கூடும்.

சென்ற மாதம் என் தங்கை, அன்று மாற்றி எடுத்துவந்த அந்தப் போனைக் கொடுத்து வேறொன்று வாங்கினாள். கடையின் பெஞ்சில் உட்கார்ந்து தன் கூகுள் கணக்கைத் தானே நீக்கினாள், ரீசெட் செய்தாள், வரவேற்புத் திரை வரும்வரை காத்திருந்து, பழைய பில்லையும் சேர்த்துக் கடைக்காரரின் கையில் கொடுத்தாள்.