கல்விக்கடனை விரைவில் அடைக்கச் செலவைக் குறைப்பது எப்படி: முதல் சம்பளம் வாங்குவோருக்கான செய்முறை

பொறியியல் படிப்புக்காக ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் ரூபாய் கல்விக்கடன் வாங்கிப் படித்தவன் நான். சென்னையில் கைக்கு 32,000 ரூபாய் வரும் வேலையில் சேர்ந்தபோது, அந்தக் கடனைப் பத்து ஆண்டுகள் கட்ட வேண்டும் என்று வங்கியில் கூறினார்கள். பத்து ஆண்டுகள் என்பது தங்கையின் படிப்பு, திருமணம், அப்பாவின் ஓய்வு ஆகிய எல்லாம் வந்துவிடும் காலம் என்பதால், எப்படியாவது சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று உறுதி கொண்டேன். அதற்காக நான் செய்தவற்றையும், தவறாகச் செய்து பிறகு திருத்திக்கொண்டவற்றையும், இப்போது வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளுக்காக வரிசைப்படி எழுதுகிறேன். செலவைக் குறைப்பது பாதி வேலைதான். மிச்சமான பணம் கையில் தங்காமல் கடனின் அசலில் போய்ச் சேர்வது மீதிப் பாதி.

படி 1: கடனின் உண்மையான அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

வாங்கிய தொகையும் கட்ட வேண்டிய தொகையும் ஒன்றல்ல. பெரும்பாலான வங்கிகளில் படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டு வரையிலும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்துக்கும் தனிவட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். என் கடனுக்கு வட்டி 10.5 சதவீதம். முதல் ஆண்டு வாங்கிய ஒரு லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி, அடுத்த லட்சத்துக்கு நான்கு ஆண்டு வட்டி என்று கூட்டிப் பார்த்தால், தவணை தொடங்கும் நாளில் கடன் 5,47,000 ரூபாயாக நின்றது. பத்து ஆண்டுகளுக்கு மாதத் தவணை 7,381 ரூபாய். முதல் தவணையில் 4,786 ரூபாய் வட்டிக்கே போய், அசலில் கழிந்தது 2,595 ரூபாய் மட்டும் என்பதை ஸ்டேட்மென்ட்டில் பார்த்த அன்று எனக்கு இரவு உறக்கம் வரவில்லை.

எனவே முதலில் வங்கிக் கிளைக்கு நேரில் சென்று கடன் கணக்கின் முழு ஸ்டேட்மென்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் அசல் பாக்கி, வட்டி விகிதம், அது மாறும் விகிதமா நிலையான விகிதமா, தவணைக் காலம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்பு அல்லது தொழில்நுட்பப் படிப்பு படித்தவர்கள், மத்திய அரசின் வட்டி மானியம் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்க வேண்டும். எங்கள் வீட்டு வருமானம் அந்த வரம்பைத் தாண்டியதால் எனக்கு அது கிடைக்கவில்லை. இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு சொல்: படிக்கும்போதே அவ்வப்போது வட்டியை மட்டுமாவது கட்டிவிட்டால் இந்த ஏற்றம் நேராது; அப்படிக் கட்டுவோருக்கு வட்டியில் ஒரு சதவீதம் சலுகை தரும் வங்கிகளும் உண்டு.

படி 2: முப்பது நாள் கணக்கு எழுதுங்கள்

இந்த மாதம் எதையும் குறைக்க வேண்டாம். எழுத மட்டும் செய்யுங்கள். செயலிகள் பல இருந்தாலும் நான் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்றையே பயன்படுத்தினேன், ஏனென்றால் யுபிஐயில் இரண்டு நொடியில் போய்விடும் பணத்தைக் கையால் எழுதும்போதுதான் அது போனது மனத்தில் பதிகிறது. தொகையோடு நேரத்தையும் எழுதுங்கள். இந்தச் செய்முறை முழுவதிலும் எனக்கு அதிகம் உதவியது இந்தச் சிறு பழக்கம்தான்.

மாத முடிவில் என் நோட்டு காட்டியது இது: சாப்பாட்டுடன் கூடிய விடுதிக்கு 9,000, வீட்டுக்கு 7,000, தவணை 7,381 போக மீதி 8,619 ரூபாய். அதில் உணவு டெலிவரிக்கு 3,140, மாலைத் தேநீருக்கும் சமோசாவுக்கும் 1,480, பைக் டாக்சிக்கு 1,720, படம் பார்க்கும் செயலிகளின் சந்தாவுக்கு 650. விடுதியில் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு, வெளியே மூவாயிரத்துக்கு மேல் சாப்பிட்டிருக்கிறேன்!

படி 3: செலவை விட்டு, அதை உண்டாக்கும் பழக்கத்தைப் பிடியுங்கள்

நேரத்தைப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. டெலிவரிச் செலவுகள் ஏறத்தாழ எல்லாமே இரவு 9.30க்கும் 10.15க்கும் இடையில் நிகழ்ந்தவை. எட்டரை மணிக்கு அறைக்கு வந்து, கட்டிலில் சாய்ந்து கைபேசியைக் கையில் எடுத்தால், நிமிரும்போது மணி 9.20 ஆகியிருக்கும், விடுதி மெஸ்ஸோ 9.15க்கே மூடிவிடும். பிறகு பசி தாங்காமல், தெருமுனைக் கடையில் 110 ரூபாய்க்குக் கிடைக்கும் பரோட்டா சால்னாவையே, செயலியின் கூடுதல் விலை, பேக்கிங், டெலிவரி எல்லாம் சேர்த்து 205 ரூபாய்க்கு வரவழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

‘இனிமேல் வெளியே ஆர்டர் செய்ய மாட்டேன்’ என்று எடுத்த உறுதி நான்கு நாள்கூட நிலைக்கவில்லை. அதற்குப் பதிலாக, வேலையிலிருந்து திரும்பியதும் அறைக்குப் போகாமல், தோளில் பை தொங்க நேராக மெஸ்ஸுக்குச் சென்று தட்டைக் கையில் எடுப்பது என்று மாற்றிக்கொண்டேன். இரண்டாம் வாரத்திலிருந்து அது இயல்பாகிவிட்டது. ஞாயிறு இரவு மெஸ் விடுமுறை என்பதால் அன்று மட்டும் வெளியே சாப்பிட்டதில், 3,140 ஏறத்தாழ 1,000 ஆனது.

மற்றவை இவ்வளவு ஆழமாக யோசிக்க வேண்டியவை அல்ல. பைக் டாக்சிக்குப் பதில் மாநகரப் பேருந்தில் 1,000 ரூபாய் மாதப் பாஸ் எடுத்தேன். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்தே கட்டணம் இல்லை என்பதால் அந்தச் செலவும் மிச்சம். சந்தாக்களில் ஒன்றை நிறுத்தினேன். தேநீரில் கைவைக்கவில்லை, நண்பர்களோடு நின்று பேசும் அந்தக் கால் மணி நேரமும் போய்விட்டால் இந்த முயற்சியே இரண்டு மாதத்தில் சலித்துவிடும் என்று தோன்றியது. வீட்டுக்கு அனுப்பும் பணத்தையும் தொடவில்லை. ஆக மாதம் 3,000 ரூபாய் மிச்சம் பிடிக்க முடிந்தது.

படி 4: சம்பள நாளிலேயே பணத்தைப் பிரித்துவிடுங்கள்

மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கட்டலாம் என்றிருந்த மூன்று மாதமும் எனக்கு எதுவும் மிஞ்சவில்லை. அதன்பின் சம்பளம் வந்த அன்றே வீட்டுப் பணம், விடுதிக் கட்டணம், தவணை, கூடுதல் 3,000 ஆகிய நான்கையும் ஒதுக்கிவிட்டேன். கைச்செலவுக்கென்று வேறொரு வங்கியில் கணக்கு தொடங்கி, யுபிஐயை அந்தக் கணக்கோடு மட்டும் இணைத்து, திங்கள்தோறும் 900 ரூபாய் போட்டுக்கொண்டேன். வியாழக்கிழமை கணக்கில் 140 ரூபாய்தான் இருக்கிறது என்றால், யாரும் சொல்லாமலே கை கட்டுப்படும்.

முதல் ஐந்து மாதக் கூடுதல் பணத்தைக் கடனில் கட்டாமல், 15,000 ரூபாயாக அவசரத்துக்கு வைத்துக்கொண்டேன். ஊரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் கிரெடிட் கார்டைத் தேய்க்க நேரும். அதில் பாக்கி வைத்தால் வட்டி மாதத்துக்கே மூன்று சதவீதத்துக்கு மேல் போகும். ஏற்கெனவே கார்டு பாக்கி உள்ளவர்கள் கல்விக்கடனுக்குக் கூடுதலாகக் கட்டுவதற்கு முன் அதைத்தான் தீர்க்க வேண்டும்.

படி 5: கூடுதல் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள்

மாதம் 3,000 கூடுதலாகக் கட்டி, தவணை 10,381 ஆனால், இதே வட்டியில் 120 மாதக் கடன் 71 மாதத்தில் முடிகிறது. வட்டியில் ஏறத்தாழ 1,49,000 ரூபாய் மிச்சமாகிறது. மாறும் வட்டி விகிதத்தில் தனிநபர் வாங்கிய கடனை முன்கூட்டியே கட்டினால் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014இலேயே வங்கிகளுக்கு உத்தரவிட்டிருப்பதால், அந்தத் தயக்கமும் தேவையில்லை.

ஆனால் இங்கேதான் நான் தவறினேன். தீபாவளி போனஸ் 40,000 ரூபாயைக் கடன் கணக்கில் போட்டுவிட்டு மகிழ்ச்சியாக இருந்தேன். வங்கி அதை முன்கூட்டியே வந்த தவணைகளாக எடுத்துக்கொண்டு, அடுத்த ஐந்து மாதம் தவணை பிடிக்கவில்லை. பிடிக்காத பணம் சம்பளக் கணக்கில் கிடந்தது. கிடந்த பணம் புதிய கைபேசியாகவும் நண்பர்களோடு போன கொடைக்கானல் பயணமாகவும் மாறிப் போனது. ஆறாம் மாதம் பார்த்தால், போனஸால் முந்திக்கொண்டதெல்லாம் பெரும்பாலும் கரைந்துவிட்டிருந்தது. ஆகவே கூடுதலாகக் கட்டும் முன் கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். ‘இந்தத் தொகையை அசலில் கழித்துக்கொள்ளவும், மாதத் தவணையைக் குறைக்காமல், நிறுத்தாமல், கடன் காலத்தை மட்டும் குறைக்கவும்’ என்று எழுதி, நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுமாத ஸ்டேட்மென்ட்டில் அசல் குறைந்திருக்கிறதா, தவணை வழக்கம்போல் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள்.

கல்விக்கடன் வட்டிக்கு வரிச்சலுகை உண்டு, எனவே மெதுவாகக் கட்டு என்று அலுவலகத்தில் யாராவது அறிவுரை கூறுவார்கள். அந்தச் சலுகை, வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவின்படி, எட்டு ஆண்டுகளுக்கு, வட்டிக்கு மட்டும், அதுவும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. மாதம் முப்பதாயிரம் அளவில் சம்பளம் வாங்குபவருக்கு வரியே வராதபோது, அதில் மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை.

படி 6: கடனை முறைப்படி முடியுங்கள்

சம்பளம் உயர்ந்தபோதெல்லாம் உயர்வில் பாதியைத் தவணையோடு சேர்த்ததால் என் கடன் நாலரை ஆண்டுகளில் முடிந்தது. கடைசித் தொகையைக் கட்டும் முன், அந்தத் தேதிக்கான வட்டியையும் சேர்த்து எவ்வளவு என்று கிளையில் எழுதி வாங்கிக் கட்டுங்கள். இருபது ரூபாய் பாக்கி நின்றாலும் கணக்கு மூடப்படாது. கடன் தீர்ந்ததற்கான சான்றிதழைப் பெறுங்கள். வீட்டுப் பத்திரத்தை அடமானமாக வைத்திருந்தால், முழுத் தொகையும் கட்டிய 30 நாளுக்குள் வங்கி அதைத் திருப்பித் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. ஒன்றிரண்டு மாதம் கழித்து, நம் கடன்களின் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்து, கடன் முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கடன் பத்திரத்தில் அப்பாவோ அம்மாவோ உடன் கையெழுத்திட்டிருப்பார்கள் என்பதால், அவர்களுடைய அறிக்கையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அப்பாவின் அறிக்கையில் என் கடன் இரண்டு மாதம் கழித்தும் நிலுவையில் இருப்பதாகவே காட்டியது. சான்றிதழின் நகலோடு கிளையில் மனு கொடுத்த பிறகுதான் அது திருத்தப்பட்டது.