ஒரு டீக்கடை, ஒரு லென்ஸ், ஆறு வாரம்: மேனுவலில் படமெடுக்கப் பழகும் முறை

மதுரை மேலமாசி வீதியில் கிழக்குப் பார்த்த டீக்கடை ஒன்று இருக்கிறது. புகைப்படக் கலை படிக்கும் மாணவியான நான் கேமராவை உண்மையில் கற்றுக்கொண்டது அந்தக் கடையின் வாசலில்தான்.

முதல் ஆண்டு முழுவதும் கேமராவை ‘ஆட்டோ’ அமைப்பில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினேன். திருமலை நாயக்கர் மகால், வண்டியூர் தெப்பக்குளம், யானைமலை என்று ஓர் இடமும் பாக்கியில்லை. படங்கள் பளிச்சென்று இருந்தன. ஆனால் ஏதாவது ஒன்றைக் காட்டி, "இது ஏன் இப்படி வந்திருக்கிறது?" என்று ஆசிரியர் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது. எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்திருந்தது. இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஒரு பயிற்சி கொடுத்தார். ஒரே இடம், ஒரே லென்ஸ், ஆறு வாரம், முழுக்க மேனுவல், அதாவது எல்லா அளவுகளையும் நானே கையால் வைக்க வேண்டும். கேமராவை இப்போதுதான் கையில் எடுத்திருக்கும் எவரும் செய்து பார்க்கக்கூடிய பயிற்சி என்பதால், நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

மேனுவல் வசதியுள்ள எந்தப் பழைய கேமராவும் போதும். நான் பயன்படுத்தியது கல்லூரியில் இரவல் வாங்கியது. ஜூம் லென்ஸை வீட்டில் வைத்துவிடுங்கள். வெளிச்சத்தைப் பதிவு செய்யும் சென்சார் சிறியதாக இருக்கும் ஏபிஎஸ்-சி கேமராவுக்கு 35 மி.மீ., சென்சார் அதைவிடப் பெரிதாக இருக்கும் ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு 50 மி.மீ. லென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே பார்வைக் கோணத்தைத் தரும். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை 50 மி.மீ. லென்ஸோடுதான் கழித்தார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படமெடுத்தவர் அவர். ஜூம் இல்லாவிட்டால் நெருங்குவதற்கும் விலகுவதற்கும் கால்தான் வழி. நெருங்கிப் போகும்போது எதிரில் இருப்பவரின் முகம் மாறுவது தெரியும். எந்தத் தூரத்தில் நிற்கலாம், எதற்கு மேல் போகக்கூடாது என்பதை அந்த முகமே சொல்லிக்கொடுக்கும்.

கோப்பு வகையை ‘ரா’ (சென்சார் பதிவு செய்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் வகை) என்று மாற்றிவையுங்கள். சட்டைப் பையில் அடங்கும் குறிப்பேடு ஒன்றும் வேண்டும். அது எதற்கு என்பது இரண்டாம் படியில் தெரியும்.

முதல் படி: அனுமதி கேளுங்கள், கேமராவை வெளியே எடுக்காதீர்கள்

முதல் இரண்டு நாட்கள் நான் டீ மட்டும் குடித்தேன். மூன்றாம் நாள், கடைக்காரரிடம் பயிற்சியைப் பற்றிச் சொல்லி அனுமதி கேட்டேன். "வியாபார நேரத்தில் குறுக்கே நிற்காமல் இருந்தால் சரி, தாயி" என்றார். அந்த இரண்டு நாட்களும் வீணாகவில்லை. வெளிச்சம் எப்படி நகர்கிறது என்று அப்போதுதான் கவனித்தேன். ஐந்து மணிக்குக் கடையில் டியூப் லைட் மட்டும். ஆறரைக்கு வானத்தின் பொதுவான வெளிச்சம். கிழக்குப் பார்த்த கடைதான் என்றாலும், எதிர்வரிசைக் கட்டடங்களைத் தாண்டி வெயில் நேராக உள்ளே விழ எட்டு மணி ஆகிவிடும். ஒரே கடைக்குள் மூன்று விதமான வெளிச்சம் வந்துபோகிறது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கும் இப்படி ஒரு கால அட்டவணை இருக்கும். அதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

இரண்டாம் படி: கண்ணால் அளந்து, பிறகு மீட்டரைப் பாருங்கள்

படத்தின் வெளிச்சத்தை மூன்று எண்கள் தீர்மானிக்கின்றன. அப்பர்ச்சர், லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஷட்டர் வேகம், சென்சாரை மூடியிருக்கும் ஷட்டர் என்ற கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. விழுந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்பது ஐஎஸ்ஓ. வெளிச்சம் இருமடங்கானாலும் பாதியானாலும் அதை ஒரு ‘ஸ்டாப்’ என்கிறோம். அப்பர்ச்சரில் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற வரிசையில் ஒவ்வோர் எண்ணாக மேலே போகப் போக வெளிச்சம் பாதியாகும். ஷட்டரில் 1/60, 1/125, 1/250, 1/500 என்ற வரிசையும் அப்படித்தான். ஓரிடத்தில் ஒரு ஸ்டாப் குறைத்தால் இன்னோர் இடத்தில் ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். இந்த வரிசைகளை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்துவிடுங்கள். இதற்குக் குறுக்குவழி கிடையாது.

கண்ணால் அளப்பதற்கு ஒரு பழைய விதி துணை செய்யும். மேகமில்லாத நல்ல வெயிலில் அப்பர்ச்சர் 16. ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ். அதாவது ஐஎஸ்ஓ 100 என்றால் ஏறத்தாழ 1/100 நொடி. கேமராவில் அருகில் கிடைக்கும் 1/125-ஐ வைத்துக்கொள்ளலாம். லேசான மேகம் என்றால் அப்பர்ச்சர் 11, வானம் மூடியிருந்தால் 8, திறந்த வெளியின் நிழல் என்றால் 5.6 அல்லது 4. வெளிச்சத்தை அளந்து காட்டும் மீட்டர் இல்லாத கேமராக்களின் காலத்தில் இந்தக் கணக்கை வைத்துத்தான் பலர் படமெடுத்தார்கள்.

தினமும் பத்து முறை இதைச் செய்யுங்கள். ஓர் இடத்தைப் பாருங்கள். ‘ஐஎஸ்ஓ 800, அப்பர்ச்சர் 2.8, ஷட்டர் 1/250’ என்பது போல மனத்தில் தோன்றுவதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் கேமராவின் மீட்டரைப் பார்த்து, எத்தனை ஸ்டாப் தவறினீர்கள் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். முதல் வாரம் நான் மூன்று, நான்கு ஸ்டாப் தவறினேன், அதுவும் எப்போதும் ஒரே பக்கமாக. கடைக்குள் இருந்த இருட்டை மிகக் குறைவாக மதிப்பிட்டிருந்தேன். நம் கண் இருட்டுக்குப் பழகிவிடுவதால் இந்தப் பிழை நேர்கிறது. மூன்றாம் வாரத்தில் தவறு ஒரு ஸ்டாப்புக்குள் வந்துவிட்டது. வாழ்நாளில் முதல் முறையாக வெளிச்சத்தைப் பார்க்கிறேன் என்று அன்று தோன்றியது. அதுவரை பொருட்களை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

மூன்றாம் படி: மீட்டர் எங்கே தவறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடையை ஒட்டி ஓர் அம்மா மல்லிகை தொடுத்துக்கொண்டிருப்பார். மீட்டர் காட்டியபடியே அந்தப் பூக்குவியலைப் படமெடுத்தேன். பூ, பழைய வேட்டி போலச் சாம்பல் பூத்து வந்தது. மறுநாள் புகை படிந்த கரிய சுவரை எடுத்தேன். அதுவும் அதே சாம்பல். கேமராவின் மீட்டருக்கு எதிரில் இருப்பது மல்லிகையா கரியா என்று தெரியாது. தன் முன் இருக்கும் எதுவும், விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்ற எண்ணத்தில்தான் அது அளக்கிறது. ஆகவே வெள்ளையை எடுக்கும்போது மீட்டர் சொல்வதைவிட ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும். கருப்பை எடுக்கும்போது அதே அளவு குறைக்க வேண்டும். கூட்டியபின், படத்தில் கருமை முதல் வெண்மை வரை எது எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். அதன் வலது ஓரத்தில் சுவரில் முட்டியதுபோல் மலை எழுந்து நின்றால் பூவிதழின் நுணுக்கம் போய்விட்டது என்று பொருள். அரை ஸ்டாப் இறக்குங்கள்.

இதை முகங்களுக்குக் கொண்டுவாருங்கள். டீ மாஸ்டர் நல்ல கரிய நிறம். அவர் முகத்தை மட்டும் ஸ்பாட் மீட்டரால் (ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் முறை) அளந்தால் அந்த முகத்தையும் நடுத்தரச் சாம்பலாக்கிவிடும் எண்ணைத்தான் கேமரா தரும். முகம் வெளுத்து, தன் நிறத்தை இழந்து நிற்கும். மீட்டர் சொன்னதைவிட முக்கால் ஸ்டாப் குறைத்தபோதுதான் நெற்றியின் பளபளப்பும் கன்னத்தின் ஆழமும் அவருடையவையாகத் திரும்பி வந்தன. 20-ஆம் நூற்றாண்டில் கோடக் நிறுவனம் பிரின்ட் போடும் கூடங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைத் தோல் பெண்களே இருந்தார்கள். தோல் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்பதற்கு அதுதான் அளவுகோல். நம் முகங்களை அந்த அளவுகோல் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. இன்று அளவுகோல் நம் விரலில் இருக்கிறது. முகத்தை வெளுக்க வைக்கும் பழக்கத்தை ஸ்டூடியோக்களிடமிருந்து நாம் வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

நான்காம் படி: டியூப் லைட்டின் கோடுகள்

விடியற்காலையில் டியூப் லைட்டின் கீழ் 1/500-இல் எடுத்த படங்களில் ஒன்று பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் இருந்தது. சிலவற்றில் குறுக்கே பட்டை பட்டையாக நிழல். கேமரா பழுது என்று நினைத்துவிட்டேன். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பை வேகமான ஷட்டர் பிடித்துவிடும். அந்த நேரத்தில் 1/100 அல்லது 1/50 வைத்தால் துடிப்பு முழுதாக ஒரு படத்துக்குள் அடங்கி, கோடுகள் மறையும். ஐஎஸ்ஓ 800, அப்பர்ச்சர் 2, ஷட்டர் 1/100 என்பது அந்தக் கடைக்கு விடியற்காலையில் பொருந்திய கணக்கு.

ஐந்தாம் படி: ஒரே செயலை ஐந்து ஷட்டர் வேகத்தில் எடுங்கள்

மாஸ்டர் டீ ஆற்றுவதை 1/1000, 1/250, 1/60, 1/30, 1/15 என்று எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அப்பர்ச்சரையோ ஐஎஸ்ஓவையோ மாற்றி வெளிச்சத்தைச் சமன் செய்துகொள்ள வேண்டும். 1/1000-இல் ஒவ்வொரு துளியும் கண்ணாடி மணி போல அந்தரத்தில் நிற்கும். 1/60-இல் டீ ஒரு நாடாவாகும். 1/15-இல் கையே கரைந்து, பாத்திரத்திலிருந்து கிளாசுக்கு ஒரு பழுப்பு வளைவு மட்டும் மிஞ்சும்.

இதில் எது சரி என்று என் வகுப்புத் தோழிகளோடு நெடுநேரம் பேசினேன். மாஸ்டரிடம் ஐந்தையும் காட்டினேன். 1/1000 படத்தைப் பார்த்துவிட்டு, "இதில் நான் சும்மா நிற்பது போல இருக்கிறதே" என்றார். 1/30 படத்தில் விரலை வைத்து, "இதுதான் காலை ஏழு மணி" என்றார். முகம் தெளிவாகவும் கை மட்டும் கலைந்தும் இருந்த படம் அது. ஷட்டர் என்பது வெளிச்சக் கணக்கு மட்டும் என்று படித்துவைத்திருந்த எனக்கு, அந்த எண்ணை மாற்றினால் அவருடைய வேலையைப் பற்றி நான் சொல்வதும் மாறுகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து எண்ணைத் திருப்பும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த இடத்தில் எது அசைகிறது, அது அசைவது தெரிய வேண்டுமா?

ஆறாம் படி: நீங்கள் நிற்கும் பக்கத்தை மாற்றுங்கள்

நான்கு வாரமாகக் கடைக்கு எதிரில் நின்றே எடுத்துக்கொண்டிருந்தேன். ஆவி ஒரு படத்திலும் விழவில்லை. ஒருநாள் எட்டு மணிக்குக் கேட்டுக்கொண்டு உள்ளே போய், பாய்லருக்குப் பின்னால் நின்று தெருவைப் பார்த்தேன். வெயில் எதிரிலிருந்து வந்தது. எதிர்வரிசைக் கட்டடங்களின் முகப்பு நிழலில் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பின் மேல் ஆவி வெள்ளியாக எழுந்தது. ஆவி, புகை, தூசி எதுவானாலும் வெளிச்சம் பின்னாலிருந்தும், பின்புலம் இருட்டாகவும் இருந்தால்தான் நன்றாகத் தெரியும். இங்கே மீட்டரை நம்பாமல், வெயில்பட்ட ஆவி வெளுத்துப்போகாத அளவுக்குக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கும் முன் நான்கு மூலைகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தொங்கும் ஷாம்பு பாக்கெட், பாதி வெட்டுப்பட்ட தலை என்று தேவையில்லாதவை ஓரத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓரடி நகர்ந்தால் போதும்.

ஏழாம் படி: பிரின்ட் போட்டு, படத்தில் இருப்பவரிடம் கொடுங்கள்

ஆறு வாரத்தின் முடிவில் நானூறு படங்களுக்கு மேல் சேர்ந்திருந்தன. ஒரு வாரம் அவற்றைத் திறக்காமல் வைத்திருந்தேன். உடனே பார்த்தால், எடுப்பதற்குப் பட்ட சிரமத்தை வைத்தே படத்தை மதிப்பிடுவோம். பிறகு நாற்பதாக, அதிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தேன். கணினியில் செய்தது வெளிச்சத்தையும் ஒயிட் பேலன்ஸையும் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறச்சாயலைச் சரிசெய்வது) சிறிது சரிசெய்தது மட்டும். 4×6 அளவில் மேட் தாளில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போனேன்.

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆவிப் படத்தில் நெடுநேரம் நின்றார். எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, அடுக்கைத் திரும்ப ஒருமுறை புரட்டினார். "எல்லாம் நன்றாக இருக்கிறது தாயி. அக்காவைக் காணோமே?" என்றார்.

கடையின் பின்கட்டில் கிளாஸ் கழுவும் அக்கா அவர். ஆறு வாரமும் என் டீ கிளாஸைக் கழுவி வைத்தவர். வீட்டுக்குப் போய் நானூறு படங்களையும் தேடினேன். ஒன்றே ஒன்றில், பின்புலத்தில், ஃபோகஸ் இல்லாமல், ஒரு முழங்கை இருந்தது. அழகான வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கேயே என் கேமராவும் திரும்பியிருந்தது. பின்கட்டுக்கு வெயில் போவதில்லை.

மறுநாள் விடியற்காலையில் போய் அக்காவிடம் அனுமதி கேட்டேன். அவர் ஈரக்கையால் முடியை ஒதுக்கிக்கொண்டு, "வேலையை நிறுத்த முடியாது, பரவாயில்லையா?" என்று கேட்டார். பின்கட்டில் ஒரே ஒரு பல்பு. குறிப்பேட்டில் என் கணிப்பை எழுதினேன்: ஐஎஸ்ஓ 1600, அப்பர்ச்சர் 2, ஷட்டர் 1/50. மீட்டரும் அதையே காட்டியது.